நான்கு வரிகளை மீளப் பெறுகிறேன்

பத்திரிகையில் ஒருவன் எழுதியவற்றுள் பெரும்பகுதி மறுநாளே கடலை சுற்றப் போய்விடும். அது ஒரு வகையில் பாக்கியம். ஆனால் எழுதியவனுடைய மனதில் சில வரிகள் தங்கிவிடுகின்றன. என் மனதில் அவ்வாறு தங்கியவை நான்கு வரிகள். எண்பதுகளின் தொடக்கத்தில், நான் பணிபுரிந்த பத்திரிகையின் வாரப் பதிப்பில், மேலைத்தேய இசைத்தட்டுகள் பற்றிய சிறு குறிப்புகளை நான் எழுதி வந்தேன். பக்கத்தில் விளம்பரம் குறைந்த வாரங்களில் மட்டும் இடம் பெறும் பத்தி அது. அந்தப் பத்திக்காக லண்டனிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவரிடம் இரவல் வாங்கிய இசைத்தட்டுகளுள் ஒன்றின் அட்டையில், ஈயின் வேடம் புனைந்த மனிதர் ஒருவர் நின்றார். ஒரு முறை கேட்டேன். அதுவும் முழுமையாகக் கேட்டேனா என்று இன்று சத்தியம் செய்ய முடியாது. நான்கு வரிகள் எழுதினேன். நல்ல குழுவொன்றிலிருந்து இவர் விலகியிருக்கக் கூடாது, இவருக்குப் பாடவும் வராது என்பதே அவற்றின் சாரம்.

அந்த இசைத்தட்டு ரிச்சர்ட் தொம்சனின் 'ஹென்றி த ஹியூமன் ஃபிளை'. 1972 ஆம் ஆண்டு ஐலன்ட் நிறுவனம் வெளியிட்டது. பெயார்போர்ட் கொன்வென்ஷன் என்ற ஆங்கில நாட்டார்-றொக் குழுவை விட்டு வெளியேறிய பின்னர் அவர் தனித்து வெளியிட்ட முதல் அல்பம்.

நான் அப்படி எழுதியது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார், ஏனெனில் பத்து ஆண்டுகளுக்கு முன்னரே இங்கிலாந்தின் இசைச் சஞ்சிகைகள் இதைவிடக் கடுமையாக எழுதி முடித்திருந்தன. எனினும் அந்த வரிகளை இன்று மீளப் பெற்றுக்கொள்ள விரும்புகிறேன். 2021 இல் தொம்சன் தமது இளமைக்கால நினைவுகளை 'பீஸ்விங்' என்ற நூலாக வெளியிட்டார். அதைப் படித்த பின்னர் அந்தப் பழைய அல்பத்தை மறுபடியும் தேடிக் கேட்டேன். இம்முறை ஒரு தடவையோடு நிற்கவில்லை.

முதலில் அவர் விட்டு வந்தது எது என்று சொல்ல வேண்டும். வடக்கு லண்டனில் மஸ்வெல் ஹில் பகுதியில் 'ஃபெயார்போர்ட்' என்ற பெயருடைய வீடு ஒன்று இருந்தது. கிற்றார் கலைஞர் சைமன் நிக்கலின் குடும்பம் வாழ்ந்த வீடு. அங்கே ஒத்திகை பார்த்த பையன்கள் அந்த வீட்டின் பெயரையே தமது குழுவுக்கும் வைத்துக்கொண்டார்கள். 1967 மே மாதம் கோல்டேர்ஸ் கிறீன் மண்டபமொன்றில் முதல் நிகழ்ச்சி. அன்று பார்வையாளராக வந்திருந்த மார்ட்டின் லாம்பிள் என்ற இளைஞர், உங்கள் டிரம்ஸ்காரரை விட நான் நன்றாக வாசிப்பேன் என்று நிரூபித்துக் குழுவில் சேர்ந்துகொண்டார். அப்படிப்பட்ட வயது. தொம்சனுக்கு அப்போது 18.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1969 மே 12 அதிகாலை, பர்மிங்ஹாமில் நிகழ்ச்சி முடித்துத் திரும்பிய அவர்களுடைய வான் எம்-1 நெடுஞ்சாலையில் புரண்டது. லாம்பிள் இறந்தார். வயது 19. தொம்சனின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்தார். அவர் ஆடை வடிவமைப்பாளர். ஜக் புரூஸ் என்ற புகழ்பெற்ற இசைக்கலைஞர் அவ்வாண்டு வெளியிட்ட தமது அல்பத்துக்கு, தையற்காரி ஒருத்திக்கான பாடல்கள் என்று பொருள்படப் பெயரிட்டது இவரை நினைத்துத்தான்.

குழு கலைந்துவிடும் என்றே எல்லோரும் எண்ணினர். மாறாக அவர்கள் ஹாம்ப்ஷயரில் ஒரு பழைய கிராமத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து வாழ்ந்தார்கள். டேவ் சுவாபிறிக் என்ற வயலின் கலைஞரும் டேவ் மற்றக்ஸ் என்ற புதிய டிரம்ஸ் கலைஞரும் இணைந்தார்கள். (இந்தச் சுவாபிறிக் பற்றி ஒரு பத்திரிகையாளனாக நான் மறக்க முடியாத செய்தி ஒன்று உண்டு. 1999 இல் அவர் கொவென்ட்ரி வைத்தியசாலையில் சுகவீனமுற்றுக் கிடந்தபோது 'டெய்லி டெலிகிராப்' அவருக்கு அஞ்சலிக் கட்டுரையே வெளியிட்டுவிட்டது. அவர் இறந்தது 2016 இல்! மரணச் செய்தியை இரண்டு தடவை உறுதிப்படுத்து என்று இளம் நிருபர்களிடம் சொல்லும்போதெல்லாம் இந்த உதாரணத்தையே எடுத்துக்காட்டுவேன்.) அந்த வீட்டில் உருவான 'லீஜ் அன்ட் லீஃப்' 1969 டிசம்பரில் வந்தது. நூற்றாண்டுகள் பழைமையான ஆங்கில, ஸ்கொட்லாந்துக் கதைப்பாடல்களை மின்கிற்றாருடனும் டிரம்ஸுடனும் பாடிய அல்பம். 2006 இல் பிபிசி வானொலியின் நேயர்கள் அதையே மிகுந்த செல்வாக்குச் செலுத்திய நாட்டார் இசை அல்பமாகத் தெரிவு செய்தார்கள்.

வெற்றி கிடைத்த அந்தக் கணத்திலேயே குழு பிரியத் தொடங்கியது. பழம்பாடல்களுக்குள் இன்னும் ஆழமாகப் போக வேண்டும் என்றார் ஆஷ்லி ஹட்சிங்ஸ். விலகி ஸ்டீலை ஸ்பான் குழுவைத் தொடங்கினார். சொந்தப் பாடல்களை எழுத வேண்டும் என்றார் அற்புதமான பாடகி சான்டி டெனி, அவரும் விலகினார். எஞ்சியோருடன் மேலும் ஓர் ஆண்டு இருந்து 'ஃபுல் ஹவுஸ்' அல்பத்தை முடித்த பின்னர், 1971 ஜனவரியில் தொம்சனும் வெளியேறினார். அவருக்கு 21 வயது. கையில் திட்டம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, வேறு குழு இல்லை. சண்டையும் இல்லை. வெளியேறிய பின்னரும் பழைய தோழர்களின் இசைத்தட்டுகளில் வாசித்துக் கொடுத்தார் என்பதே அதற்குச் சாட்சி. அடுத்த ஓர் ஆண்டு முழுவதும் அவர் பிறருக்காகக் கிற்றார் வாசித்தே வாழ்ந்தார். சான்டி டெனிக்கு வாசித்தார், லால், மைக் வோட்டர்சன் ஆகியோரின் 'பிரைட் ஃபீபஸ்' அல்பத்திற்கு வாசித்தார். கூப்பிட்டவருக்கெல்லாம் வாசித்தார் என்றே சொல்லலாம்.

இங்கேதான் 1972 இன் விமர்சகர்களும், அவர்களுக்குப் பத்தாண்டு பின்னே வந்த நானும் தவறிழைத்தோம் என்று நினைக்கிறேன். நல்ல கிற்றார் கலைஞர் ஒருவர் தனியே வருகிறார் என்றால் நாம் கிற்றாரை எதிர்பார்த்தோம். அந்தக் காலத்தின் வழக்கம் அது. கிளப்டன் போன்றவர்கள் பத்து நிமிடம் தனித்து வாசிக்கும்போது அரங்குகள் எழுந்து நின்ற காலம். தொம்சனோ தமது அல்பத்தில் பன்னிரண்டு சிறிய பாடல்களை வைத்தார். கிற்றாரைப் பாடலுக்கு வேலை செய்ய விட்டார். ஜோன் கேர்க்பாட்ரிக்கின் அக்கோர்டியனுக்கும் பாரி டிரான்ஸ்ஃபீல்டின் வயலினுக்கும் முன்வரிசையில் இடம் கொடுத்தார். தாமே பாடினார். சிறுவயதில் திக்குவாய் இருந்த, கூச்ச சுபாவமுடைய மனிதர் அவர். அந்தக் குரலை வாத்தியங்களுக்கு நடுவே ஒளித்து வைத்ததுபோல் ஒலிப்பதிவு அமைந்துவிட்டது. இது உண்மையான குறைதான். அதை நான் மறுக்கவில்லை. சில இடங்களில் சொற்களைப் பிடிக்கக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆனால் அந்தச் சொற்கள்! முதல் பாடலின் தலைப்பையே பாருங்கள்: 'ரோல் ஓவர் வோன் வில்லியம்ஸ்'. சக் பெரி 1956 இல் பீத்தோவனை விலகிப் படுக்கச் சொல்லிப் பாடிய பாடலின் தலைப்பை எதிரொலிக்கும் வேடிக்கை என்று நான் அன்று கடந்து போனேன். அது வேடிக்கை மட்டுமன்று. சக் பெரிக்கு பீத்தோவன் யாரோ ஒருவர். தொம்சனுக்கு ரால்ஃப் வோன் வில்லியம்ஸ் சொந்தப் பாட்டனார் மாதிரி.

1903 டிசம்பரில் எசெக்ஸின் இங்கிரேவ் கிராமத்தில் சார்ல்ஸ் பொட்டிபர் என்ற முதிய உழைப்பாளி பாடிய பாடலொன்றை எழுதிக்கொண்ட நாளிலிருந்து, வோன் வில்லியம்ஸ் எண்ணூறுக்கு மேற்பட்ட நாட்டார் பாடல்களைச் சேகரித்தார். அதே ஆண்டில் சமர்செட்டில் தோட்டக்காரர் ஒருவர் பாடியதைக் கேட்டு செசில் ஷார்ப்பும் தமது சேகரிப்பைத் தொடங்கியிருந்தார். அவர்கள் இல்லாவிட்டால் அந்தப் பாடல்களில் பல, பாடியவர்களுடனேயே மண்ணுக்குள் போயிருக்கும். பெயார்போர்ட் குழுவினர் 'லீஜ் அன்ட் லீஃப்' இற்காகப் புரட்டிய தொகுப்புகள் இத்தகைய சேகரிப்பாளர்களின் உழைப்பு. ஆனால் சேகரித்த மெட்டுகளுக்கு என்ன நடந்தது? வோன் வில்லியம்ஸ் 1906 இல் வெளிவந்த ஆங்கிலத் திருச்சபைப் பாமாலைத் தொகுப்பில் அவற்றில் பலவற்றைத் தோத்திரப் பாடல்களுக்கு மெட்டாக்கினார். வேறு சிலவற்றை இசைக்குழுக்களுக்கான அழகான படைப்புகளாக்கினார். பசும்புல்வெளியும் இளங்காற்றும் கொண்ட ஓர் இங்கிலாந்து அங்கே பிறந்தது. பொட்டிபரின் முதுகுவலி அங்கே கேட்காது.

தொம்சன் விலகச் சொன்னது அந்தப் பசும்புல்வெளியைத்தான். அவருடைய பாடலில் மின்கிற்றார் ஸ்கொட்லாந்துப் பைகுழல் போல ஒரே சுருதியில் இரைந்துகொண்டு எழுகிறது. அமெரிக்க நீக்ரோ மக்களின் புளூஸ் இசையிலிருந்து பெற்ற சரக்கு எதுவும் அதில் இல்லை. இங்கிலாந்தின் கிற்றார் கலைஞர்கள் ஏறத்தாழ எல்லோரும் மிசிசிப்பியில் பிறந்ததுபோல் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் இது சிறிய காரியமல்ல. தகப்பனார் ஸ்கொட்லாந்துக்காரர், லண்டனில் பொலிஸ் அதிகாரி. வீட்டில் ஸ்கொட்லாந்து நடன இசைத்தட்டுகளும், ஜங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டுகளும் இருந்தன. அந்த வீட்டில் கேட்டதைத் தாம் வாசித்ததே அவர் செய்த புரட்சி.

ஏனைய பாடல்களில் வருகிறவர்களைப் பாருங்கள். கால்வாய் வெட்டும் ஏழைப் பையன் ஒருவன் காதலில் ஏமாந்து நிற்கிறான். ஓட்டைப் பாத்திரங்களை ஈயம் பற்றவைத்துக்கொண்டு ஊரூராய்த் திரியும் சகோதரர், கிடைத்ததைப் பங்கிட்டுக்கொள்ளத் தவறியதால் இருவரும் கெட்டுப் போகிறார்கள். பந்தயக் குதிரையை இழந்தவன் அதை யாரோ சதி செய்து கொன்றுவிட்டார்களோ என்ற ஐயத்துடன் புலம்புகிறான். 'த நியூ செயின்ட் ஜோர்ஜ்' என்ற பாடல் தொழிற்சாலையில் உழைப்பவர்களை வேலையைப் போட்டுவிட்டு ஆட வரும்படி அழைக்கிறது. அதைப் பின்னாளில் ஹட்சிங்ஸின் குழுவும் பாடியது. நாட்டார் அரங்குகளில் அதைக் கேட்பவர் பழம்பாடல் என்றே எண்ணிவிடக்கூடிய பாடல் அது.

இதுதான் எனக்கு அன்று புரியாமல் போன விடயம். பெயார்போர்ட் குழு பழைய பாடலுக்குப் புதிய வாத்தியம் கொடுத்தது. ஹட்சிங்ஸ் பழைய பாடலுக்குள்ளேயே போனார். தொம்சன் பழைய பாடலின் இலக்கணத்தில், 1972 இல் உயிரோடு இருக்கிற ஒருவனாகப் புதிய பாடலை எழுத முயன்றார். அதைக் குழுவுக்குள் இருந்துகொண்டு செய்ய முடியாது என்பது என் கருத்து. ஐந்து பேர் கொண்ட குழுவில் புதிய பாடல் ஒன்று பழைய கதைப்பாடலுடன் போட்டியிட வேண்டும். முந்நூறு ஆண்டுகளாக நூற்றுக்கணக்கான வாய்கள் தேய்த்து மெருகேற்றிய பாடலுடன் இருபது வயதுப் பையன் ஒருவன் நேற்றிரவு எழுதிய பாடல் போட்டியிட்டால் எது வெல்லும்? ஆகவே அவர் வெளியே போனார். வெளியே போய்த் தடுமாறினார். அந்தத் தடுமாற்றமும் இசைத்தட்டில் பதிவாகியிருக்கிறது. எல்லாப் பாடல்களும் வெற்றி பெற்றவை என்று நான் வாதாடப் போவதில்லை. மூன்றில் ஒரு பங்கு பாதியில் நின்றுவிட்ட வேலை. இறுதிப் பாடல் மதுச்சாலை நகைச்சுவைக்கு மேல் எழவில்லை.

நம்மிடமும் இந்தக் கேள்வி இருக்கிறது. வித்துவான் வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' நூலைப் புரட்டும்போதெல்லாம் அங்குள்ள நாட்டார் கவிகள் என்னைப் பிரமிக்க வைத்திருக்கின்றன. சேகரித்தோம், அச்சிட்டோம், பாடசாலை மேடையில் கையில் மண்வெட்டியுடன் பிள்ளைகளை நிறுத்தி ஆட வைத்தோம். அந்த இலக்கணத்தில் இன்று ஒருவன் தன் சொந்தத் துயரை எழுதலாம் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தோம்? இதை விரித்தால் வேறு கட்டுரையாகிவிடும், விடுகிறேன்.

அல்பம் விற்கவில்லை. அமெரிக்காவில் அதை வெளியிட்ட வார்னர் நிறுவனத்தின் வரலாற்றிலேயே மிகக் குறைவாக விற்ற அல்பம் அது என்று நீண்ட காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. கணக்குப் புத்தகத்தை யாரும் பகிரங்கமாகக் காட்டியதில்லை. ஆனால் இத்தகைய கதைகள் நிலைப்பதற்குக் கணக்குப் புத்தகம் தேவைப்படுவதில்லை. பின்னாளில் அவருக்குப் புகழ் வந்தபோது, இந்தக் கதையே அந்த அல்பத்தின் அடையாளமாகிவிட்டது. தோற்றது என்பதற்காக அதை அன்று தள்ளினோம். தோற்றது என்பதற்காகவே இன்று சிலர் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். இரண்டுமே பாடலைக் கேட்காமல் செய்யக்கூடிய காரியங்கள்.

இன்னொரு சுலபமான வாசிப்பும் உண்டு. விபத்தின் துயரமே இந்தப் பாடல்கள் என்பது அது. அந்த விபத்தைப் பற்றி நேரடியாக ஒரு பாடலும் இதில் இல்லை. இருபது வயதில் தோழனையும் தோழியையும் ஒரே இரவில் இழந்தவர் எழுதியதில் இருள் இருக்கும் என்பது உண்மைதான். எனினும் ஒரு மனிதர் சொல்லாமல் விட்டதை நாம் அவருடைய வாயில் திணிக்கலாமா? மரணங்களை நிறையப் பார்த்த தேசத்தில் செய்தி எழுதிய எனக்கு இந்த விடயத்தில் கூடுதலான தயக்கம் உண்டு. உயிர் தப்பியவரிடம் ஒலிவாங்கியை நீட்டி உங்கள் உணர்வு எப்படியிருந்தது என்று கேட்ட நாட்கள் எனக்கும் உண்டு. அவர்கள் பேசாமல் இருந்த நேரங்களில் அதையும் ஒரு வசனமாக்கி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன்.

நான் எப்போது மனம் மாறினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகள் பணியாற்றிய ஆசிரியபீடத்தை விட்டு நான் வெளியேறியபோது பகை எதுவும் இருக்கவில்லை. தேநீரும் வடையும் கொடுத்தே அனுப்பினார்கள். அடுத்த திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து, யாருக்கும் தேவைப்படாத கட்டுரை ஒன்றை எழுத உட்கார்ந்தேன். முதல் வசனம் வரவில்லை. அதுவரை என்னுடைய நடை என்று நான் நம்பிய பலவும் அந்த அலுவலகத்தின் நடை என்பது தெரிந்தது. செய்தி ஆசிரியர் வெட்டுவார் என்ற நம்பிக்கையில் நீட்டி எழுதியிருக்கிறேன். ஒப்புநோக்குபவர் பார்ப்பார் என்று கவனமின்றி எழுதியிருக்கிறேன். அவர்கள் இல்லாமல் கிடைத்த எனது குரல் மெலிந்தும் பிசிறடித்தும் இருந்தது. முதல் ஓராண்டு நான் எழுதியவற்றை இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அவற்றை அழிக்கவில்லை.

'பீஸ்விங்' நூலில் 1971 பற்றிய பக்கங்களைப் படித்தபோது அந்தத் திங்கட்கிழமைதான் நினைவுக்கு வந்தது.

தொம்சனுக்கு அதன் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த அல்பத்தில் பின்னணி பாடியவர்களுள் லிண்டா பீற்றேர்ஸ் என்ற பாடகியும் ஒருவர். 1972 இலேயே இருவரும் மணம் செய்துகொண்டார்கள். சைமன் நிக்கலையும் சேர்த்துக்கொண்டு மூவராக நாட்டார் இசைக் கழகங்களில் பாடித் திரிந்தார்கள். பெரிய அரங்குகளில் வாசித்த ஒருவர் மதுச்சாலையின் மேல்மாடியில் சில டசின் பேர் முன்னே பாடுவதை வீழ்ச்சி என்று சொல்பவர் சொல்லலாம். பாட்டை நேருக்கு நேர் ஒருவருடைய முகத்தைப் பார்த்துப் பாட அவர் கற்றது அங்கேதான் என்று நினைக்கிறேன். 1973 இல் இருவரும் பதிவு செய்த 'ஐ வோன்ட் டு சீ த பிரைட் லைட்ஸ் ருனைட்', எண்ணெய் நெருக்கடியால் இசைத்தட்டு செய்யும் வினைல் தட்டுப்பாடாகி 1974 இல்தான் வெளிவந்தது. அதை யாரும் குறைகூறத் துணிய மாட்டார்கள். லிண்டாவின் குரலில் அந்தப் பாடல்கள் தெளிவாகக் கேட்டன. ஆனால் அவற்றின் மொழி, அவற்றில் வரும் மனிதர்கள், அவற்றின் மெட்டு வளையும் முறை எல்லாமே ஈ வேடம் போட்ட அந்த அல்பத்தில் தட்டுத்தடுமாறிக் கண்டெடுத்தவை.

சான்டி டெனி 1978 இல் 31 வயதில் இறந்துபோனார். தொம்சன் இன்னும் எழுதுகிறார். 2024 இலும் 'ஷிப் ரு ஷோர்' என்ற புதிய அல்பத்தை வெளியிட்டார். இப்போது அவருடைய குரல் ஒளிந்துகொள்வதில்லை.

எனக்கு இசைத்தட்டை இரவல் தந்த உறவினர் இன்று கனடாவில் வாழ்கிறார். இந்தக் கட்டுரைக்காகத் தொலைபேசியில் அழைத்து அந்த இசைத்தட்டு என்னவானது என்று கேட்டேன். நீ எழுதியதைப் பார்த்துவிட்டு அதை யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்றார்.